எஞ்சின் மட்டும்

எங்கள் கல்முனைக்குடியில் மீராசாவை 'டீசல் மீராசா' என்றுதான் சொல்வார்கள். ஊரில் மீராசா என்று ஏழெட்டுப் பேர் இருந்ததால் அடையாளத்துக்கு வைத்த பெயர் என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். அப்படியில்லை. ஒரு மனிதனின் தலையில் ஒரு சாவைக் கட்டிவிட்டு, அதை அவர் மறந்துவிடாதபடி வைத்த பெயர் அது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் தேநீர்க் கடையைத் தாண்டிப் போன பிறகு சொல்வார்கள். ஆனால் அவருக்குக் கேட்கும் தூரத்தில்தான் சொல்வார்கள்.

நானும் சாரதிதான். பெயர் உதுமாலெவ்வை. மீராசாவுக்குப் பிறகு அபூசாலி ஹாஜியாரின் மீன் வண்டியை ஓட்டியவன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

மீராசா பிறந்தது வரிப்பத்தான்சேனையில். பதினெட்டு வயதில் உழவு மெசினில் ஏறியவர். சேற்றில் சக்கரம் பாதி புதைந்து நிற்கும் மெசினை, சத்தமே கூட்டாமல், கிளச்சை மெல்ல மெல்ல விட்டுக் கரையேற்றிவிடுவார் என்று அந்தப் பக்கத்து வயல் சொந்தக்காரப் போடிமார் சொல்வார்கள். டீசல் எஞ்சின் என்றால் என்ன, அது எந்தக் கியரில் எவ்வளவு இழுக்கும் என்பதையெல்லாம் அவர் படித்தது அந்த வயல் சேற்றில்தான்.

எழுபத்து நான்கில் நாச்சியாவைக் கல்யாணம் முடித்துக்கொண்டு கல்முனைக்குடிக்கு வந்தார். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு பெண்ணுக்கு உரியது. நாச்சியாவின் வீட்டைக் கட்டியவர் அவளுடைய காக்கா ஜெமீல். வாப்பா மௌத்தான பிறகு தான் கல்யாணம் செய்யாமல் ஆறு வருடம், சாய்ந்தமருதுக் கரையில் மீன் பெட்டி சுமந்து, தங்கைக்கு இரண்டு அறையும் விறாந்தையும் வைத்த கல்வீடு கட்டி முடித்தார். அதன் பிறகுதான் றுகையாவை முடித்தார். மீராசா சாகும்வரை திரும்பி வந்து படுக்க வேண்டியிருந்தது அந்த வீட்டில்தான் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஜெமீல் அப்போது அபூசாலி ஹாஜியாரிடம் வேலை. ஹாஜியார் கரையில் மீன் வாங்கி ஐஸ் போட்டுப் பதுளைக்கு அனுப்புவார். ஜெமீல் கூடவே போய் அங்கே விற்றுக்கொடுத்துவிட்டு வருவார். எழுபத்தெட்டில் இறக்குமதி திறந்துவிட்டபோது ஹாஜியார் ஜப்பான் பிக்கப் ஒன்றை எடுத்தார். பெற்றோல் வண்டி. வெள்ளை நிறம். அதற்குச் சாரதி தேவைப்பட்டபோது ஜெமீல்தான் மச்சானின் பெயரைச் சொன்னார்.

அந்த வண்டி சமதரையில் பறக்கும். அம்பாறை, மகாஓயா, பிபிலை வரைக்கும் யாரும் அதை முந்த முடியாது. லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் கதை மாறிவிடும். ஒரு தொன் மீனும் ஐசும் முதுகில். முதலாம் கியரில் கத்திக்கொண்டு ஏறும். இரண்டாம் கியருக்கு மாற்றினால் மூச்சு விட்டுவிடும். ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு தரமாவது தண்ணீர் கொதித்துப் பாதையோரம் நிற்கும். ஜெமீல் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். மீராசா ஆற அமர நின்று தண்ணீர் ஊற்றுவார். ஐஸ் உருகி மீன் தண்ணீர் பின்பக்கத்தால் ஒழுகிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது பண்டாரவளைப் பக்கத்திலிருந்து கோவா, உருளைக்கிழங்கு என்று மலைக் காய்கறி ஏற்றிக்கொண்டு அதே மலையால் இறங்கவேண்டும்.

எழுபத்தொன்பதிலும் எண்பதிலும் பெற்றோல் விலை ஏறிக்கொண்டே போனது. ஹாஜியார் மீராசாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன மீராசா, வண்டி ஊத்துற பெற்றோல் எல்லாத்தையும் குடிக்கிது. வித்தது அதுக்கே போகுது."

"முதலாளி, இது சமதரைக்குச் செஞ்ச வண்டி. பெற்றோல் எஞ்சின் கத்தினாத்தான் இழுக்கும். டீசல் மெல்லச் சுத்தக்குள்ளயே இழுக்கும். மலைக்கு அதுதான் சரி."

"டீசல் கெதியா ஓடாதாமே. சத்தமும் பொகையும் வேற. மீன் பழுதாகினா ஆரு பொறுப்பு?"

"சமதரையில நாம மிச்சம் புடிக்கிற நேரத்த ஏத்தத்துல தண்ணி ஊத்திக்கிட்டு நிண்டே முடிக்கிறம், முதலாளி. டீசல் மெல்லப் போகும். ஆனா நிக்காமப் போகும்."

ஹாஜியார் முட்டாளில்லை. எண்பத்தொன்றில் மீராசாவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். வண்டி விற்கும் வளவு ஒன்றில் இரண்டு பிக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று பெற்றோல், நாலு கியர். மற்றது டீசல், ஐந்து கியர். மீராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டுக்கும் கீழே போய்ப் படுத்துப் பார்த்தார். விற்பனைக்காரர் ஓட்டிப் பார்க்கவும் விட்டார். டீசல் வண்டியை நடுவழியில் நிறுத்தி, கால் எடுத்து, அக்சிலேட்டரைத் தொடாமலே கிளச்சை விட்டாராம். அது தானாக நகர்ந்து போனதாம். இறங்கி வந்து ஹாஜியாரிடம் சொன்னார்:

"இதுதான் முதலாளி. எஞ்சின மட்டும் பாக்கப்படா, கியர்பொக்ஸயும் பாக்கோணும். டீசல் முறுக்குற முறுக்குக்குத் தாங்குற மாதிரிப் பல்லு இதுக்குள்ள இரிக்கி. முதலாம் கியரும் ரெண்டாம் கியரும் நல்லாக் குறைவு. எறங்கக்குள்ள ரெண்டாம் கியர்ல போட்டா வண்டியப் புடிச்சி வெச்சிக்கும். பிறேக்குக்கு வேலையே இல்ல."

"சரி, நீ செல்லுறதுதான்," என்றார் ஹாஜியார்.

ஊருக்கு வந்த மீராசா அன்று வீட்டில் இருந்த மாதிரி ஒரு நாளும் இருந்ததில்லை என்று ஜெமீல் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். சோறு தின்னும்போதும் கையால் கியர் மாற்றிக் காட்டினாராம். நாச்சியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீடுகளில் எல்லாம் போய்ச் சொன்னாள்: "எங்கட வீட்டுக்காரர் பாத்துச் செல்லித்தான் ஹாஜியார் டீசல் வண்டி எடுக்கிறார்." ஊர் முழுக்க அதைக் கேட்டது. கேட்டதை ஊர் மறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து வந்த லொறி ஒன்று செல்லத்தம்பி பாஸின் கராஜ் வாசலில் ஒரு சாமானை இறக்கிவிட்டுப் போனது. சாக்கால் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் டீசல் எஞ்சின். பாவித்தது, ஆனால் நல்ல எஞ்சின். எஞ்சின் மட்டும்.

செல்லத்தம்பி பாண்டிருப்புத் தமிழர், கைதேர்ந்த மெக்கானிக் என்பதால் பாஸ். கல்முனையில் அவர் கை படாத வண்டி கிடையாது. அவர் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஹாஜியாரும் மீராசாவும் நின்றுகொண்டிருந்தார்கள். என் பழைய லொறிக்குப் பிறேக் கட்டவென்று நானும் அங்கே காத்திருந்தேன். அதனால் அங்கே பேசியது எனக்குத் தெரியும்.

"முதலாளி, எஞ்சின் நல்ல சாமான். இதுக்குரிய கியர்பொக்ஸ் எங்க?"

"வண்டியில இரிக்கிற பொக்ஸ் நல்லாத்தானே கிடக்கு? அதுலயே பூட்டுங்க பாஸ்."

"பூட்டலாம். நடுவில ஒரு இரும்புத் தட்டு வெட்டிப் போட்டாப் பூட்டலாம். ஆனா அது பெற்றோல் வண்டிட பொக்ஸ். இந்த எஞ்சின் முறுக்கிற முறுக்குக்கு அந்தப் பல்லு நிண்டு பிடியாது. ஒரு வரிசம் ஓடும். பிறகு கியர் கழரத் தொடங்கும்."

"ஒரு வரிசம் ஓடட்டுமே. பொறகு பாப்பம்."

அப்போதுதான் மீராசா கதைத்தார்.

"முதலாளி, கொழும்புல நாம பாத்தது அந்த வண்டிய. அந்தக் கியர்பொக்ஸோட சேத்துத்தானே நான் செல்லினன்?"

ஹாஜியார் கோபப்படவில்லை. அவர் ஒருநாளும் சத்தமாகக் கதைக்கிறவர் அல்ல. சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ கேட்டது டீசல். டீசல் தந்திரிக்கன். இன்னம் என்ன?"

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. லேத்தில் தட்டு வெட்டி, எஞ்சின் குந்தும் இரும்பை நகர்த்தி ஒட்டி, பழைய கியர்பொக்ஸிலேயே புது எஞ்சினைப் பூட்டிக்கொடுத்தார் செல்லத்தம்பி பாஸ்.

முதல் எட்டு மாதம் எல்லாருக்கும் சந்தோஷம். மீராசா சொன்ன மாதிரியே வண்டி லுணுகலை ஏற்றத்தை நிற்காமல் ஏறியது. டீசல் செலவு பெற்றோலின் பாதிக்கும் குறைவு. மீன் ஐஸ் உருகாமல் போய்ச் சேர்ந்தது. ஹாஜியார் அதைக் கண்டுவிட்டு இன்னும் நாலு பெட்டி கூடுதலாக ஏற்றச் சொன்னார். வரும்போதும் கோவா மூட்டைகள் கூரைக்கு மேலே வந்தன. எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாரம் முழுவதையும் தாங்கியது இடையில் இருந்த அந்தச் சின்னப் பெட்டி.

ஒன்பதாம் மாதம், பசறைக்குக் கீழே இறங்கும்போது, இரண்டாம் கியர் 'டக்' என்று கழன்று தடி தானாகத் துள்ளி நடுவுக்கு வந்தது. ஏறும்போது கழராது. காலை எடுத்து வண்டியை எஞ்சினின் பிடியில் விட்டு இறங்கும்போது, எந்த நேரம் அந்தப் பிடி மிகவும் தேவையோ, அந்த நேரம்தான் கழரும். மீராசா பிறேக்கை மிதித்து ஓரமாக்கி, மறுபடி கியரில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

செல்லத்தம்பி பாஸ் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொக்ஸ இறக்கவேணும். பொருந்துற பொக்ஸ் ஒண்டு எடுத்துத் தரச் சொல்லுங்க. பூட்டுற கூலி எனக்கு வேணாம்."

ஹாஜியார், "நோன்புப் பெருநாள் கழியட்டும்," என்றார். பெருநாள் கழிந்தது. "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு யாவாரம் இரிக்கி, அது முடியட்டும்," என்றார். அதுவும் முடிந்தது. பிறகு மாரி.

மீராசா டயர் டியூப்பில் நீளமாக ஒரு துண்டு வெட்டி, இறக்கத்தில் கியர்த் தடியை ஆசனத்துக் கம்பியோடு இழுத்துக் கட்டிப் பார்த்தார். அது இரண்டு பயணம் தாங்கிவிட்டு அறுந்தது. அதன் பிறகு ஜெமீலின் கைதான் கியர்த் தடிக்குக் கட்டு. பசறையிலிருந்து இறங்கும் ஏழெட்டு மைலும் ஜெமீல் இடப்பக்கம் இருந்துகொண்டு, வலக்கையால் தடியைப் பின்னுக்கு அழுத்திப் பிடித்தபடியே வருவார். "ஹாஜியார் எனக்கு ரெண்டு சம்பளம் தரோணும். ஒண்டு மீன் விக்க, ஒண்டு கியர் புடிக்க," என்று கடையில் வைத்துப் பகிடி விடுவார். நாங்களும் சிரித்தோம்.

வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். மீராசா போனால் மறுநாளே அந்த ஆசனத்தில் ஏற நாலு பேர் ஹாஜியாரின் வாசலில் நின்றோம். நின்றோம் என்றுதான் சொல்லவேண்டும். நான் இரண்டு தரம் போய்க் கேட்டிருக்கிறேன். அந்தக் கியர் கழர்வது தெரிந்தும் கேட்டேன்.

எண்பத்து மூன்று ஜனவரி. நல்ல மழை. பண்டாரவளையில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு காலையில் புறப்பட்டு, பகல் பதினொரு மணிபோல் பசறையைத் தாண்டி இறங்கினார்கள். நாலாவது வளைவுக்கு முன்னால் கியர் கழன்றது. பாரம் தள்ள வண்டி ஓடத் தொடங்கியது. அந்த வேகத்தில் மறுபடி கியரில் போட முடியவில்லை. பிறேக் மூன்று தரம் பிடித்தது. நாலாம் தரம் கால் தரை வரைக்கும் போனது. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் மலைச் சுவர். மீராசா இடப்பக்கம் திருப்பிச் சுவரில் கொண்டுபோய் மோதினார். எந்தச் சாரதியும் அதைத்தான் செய்வான். இடப்பக்கம் இருந்தது ஜெமீல்.

ஜெமீல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தானார். மீராசாவுக்கு வலது மணிக்கட்டும் மூன்று விலா எலும்பும் முறிந்தன. உருளைக்கிழங்கைப் பாதையில் போனவர்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் றுகையாவின் வீட்டில் ஜெமீலுக்குக் கத்தம் ஓதியபோது ஹாஜியார் ஒரு மூட்டை அரிசியும் சீனியும் கொண்டுவந்து இறக்கினார். விறாந்தை நிறைய ஆட்கள். கைக்கட்டோடு மீராசா மூலையில் இருந்தார். ஹாஜியார் அவர் பக்கத்திலேயே அமர்ந்து, அவர் தோளில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, மிக மெல்லிய குரலில் சொன்னார்:

"இவரக் கோவிச்சிப் பலனில்ல. டீசல் வேணும், டீசல் வேணும் எண்டு ஆசப்பட்டுக் கேட்டார். நானும் வாங்கிக் குடுத்தன். அல்லாட நாட்டம் இப்பிடி."

மீராசா வாயைத் திறந்தார். ஆனால் உள்ளே பெண்கள் அழும் சத்தம் கேட்டது. றுகையா இரண்டு பிள்ளைகளோடு, புருசனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தாவில் இருக்கிறாள். அந்த அரிசி அவளுக்குத்தான் வந்திருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். அன்று முதல் அந்தப் பெயர் அவருக்கு ஒட்டியது.

பொலிஸ் வழக்குப் போட்டது, கவனமில்லாமல் ஓட்டி ஓர் ஆளைக் கொன்றதாக. செல்லத்தம்பி பாஸ் தானாகவே வந்தார். "நான் வந்து சாட்சி சொல்லுறன் மீராசா. அந்தப் பொக்ஸக் கழட்டிக் கோட்டுல வைப்பம். பல்லு தேஞ்சதப் பாத்தா நீதவானுக்கே விளங்கும்," என்றார். இருவரும் வண்டியைத் தேடிப் போனார்கள். ஹாஜியார் அதற்கு முந்திய வாரமே உடைந்த வண்டியைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். கியர்பொக்ஸ் எந்த ஊருக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது.

அப்படியென்றாலும் பாஸின் வாய்ச் சொல் இருந்தது. வழக்கு ஆவணி மாதம் பதுளையில் கூப்பிடப்பட்டது. அதற்குள் தமிழருக்கு எதிரான ஆடிக் கலவரம் வந்துவிட்டது. கடைகள் எரிந்து கரிந்த அந்தப் பாதையால், ஒரு தமிழனை மலையேறி வந்து தனக்காகச் சாட்சி சொல்லும்படி எப்படிக் கேட்பது? மீராசா கேட்கவில்லை. பாஸும் அதன் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. எண்பத்தைந்துக் கலவரத்தில் அவருடைய கராஜும் எரிந்தது. குடும்பத்தோடு மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

ஹாஜியார் வைத்துக்கொடுத்த வழக்கறிஞர் மீராசாவிடம் சொன்னாராம், குற்றத்தை ஒத்துக்கொண்டால் மறியற்சிறைக்குப் போகாமல் தண்டத்தோடு முடித்துத் தரலாம், தண்டத்தை ஹாஜியாரே கட்டுவார் என்று. கியர்பொக்ஸ் என்ற சொல் நீதிமன்றத்தில் ஒரு தரமும் வரவில்லை. மீராசா ஒத்துக்கொண்டார். சாரதிப் பத்திரத்தை வாங்கிவிட்டு அனுப்பினார்கள்.

அடுத்த மாதம் ஹாஜியார் கொழும்புக்குப் போய் ஒரு பிக்கப் கொண்டுவந்தார். டீசல். ஐந்து கியர். மீராசா அன்று கைகாட்டிய அதே ரகம். எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் முதலில் மீராசாவிடம் போனேன். அனுமதி கேட்கப் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வளவில் கிணற்றடியில் இருந்தார்.

"ஓட்டு தம்பி," என்றார். "நீ ஓட்டாட்டி இன்னொருத்தன் ஓட்டுவான். கியர்பொக்ஸ் அதுட சொந்தமா எண்டு மட்டும் கீழ படுத்துப் பாரு."

"பாத்திட்டன் காக்கா. சொந்தம்தான்."

கிணற்றுக் கட்டில் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். பிறகு, நான் கேட்காமலே, மெல்லச் சொன்னார்:

"அண்டைக்கி மச்சான் கைய விடல்ல, தெரியுமா? பசறையில இருந்து புடிச்ச புடி. நாந்தான் எடுக்கச் செல்லினன். மழைக்கிக் கண்ணாடி உள்ளுக்கால பொகமூட்டமாப் போச்சி. எனக்கு ரெண்டு கையும் சுக்கான்ல. 'மச்சான், கண்ணாடிய ஒருக்காத் தொடைங்க' எண்டன். துணிய எடுக்கக் கைய எடுத்தார். அவ்வளவுதான்."

"இத நாச்சியா ராத்தாட்டச் செல்லினீங்களா?"

"எப்பிடிச் செல்லுற? முதலாளிட கதையப் பொய் எண்டு செல்லிக் காட்டுறதெண்டா முழுக்கச் செல்லோணும். முழுக்கச் செல்லப் போனா இதையும் செல்லோணும்."

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். வண்டி மிக நல்ல வண்டி. பசறை இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டால் பாரத்தோடு வயோதிபர் நடக்கும் வேகத்தில் இறங்கும். பிறேக்குக்கு உண்மையாகவே வேலை இல்லை. முதல் முறை அப்படி இறங்கியபோது எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் முறை வரவில்லை.

மீராசாவின் மணிக்கட்டு சரியாகப் பொருந்தவில்லை. வரிப்பத்தான்சேனைக்குத் திரும்பிப் போய், கைப்பிடித்து நடந்து உழும் சின்ன மெசினில் கூலிக்கு உழுதார். சனிக்கிழமை போனால் வியாழன் பின்னேரம் வருவார். கூலியில் பாதி றுகையாவின் பிள்ளைகளுக்கு. அவளும் வாங்கிக்கொள்வாள், நேரில் அல்ல, நாச்சியாவின் கையால். நாச்சியா அவருக்குச் சோறு போடுவாள், உடுப்புத் துவைப்பாள். தேவைக்கு மேல் ஒரு சொல் கதைப்பதில்லை. ஒரு தரம், கல்யாண வீடொன்றுக்குப் புறப்படும்போது, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "நீங்கதானே டீசல் கேட்டயள்?" அவர் மாற்றிய சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் திண்ணையில்லாத அந்த விறாந்தையின் சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டார்.

எண்பத்தெட்டில் ஒரு நாள், எண்ணெய் அடிக்கும் இடத்தில், மருதமுனை நெசவு வியாபாரி ஒருவர் ஹாஜியாரிடம் யோசனை கேட்டார். தன் பெற்றோல் வண்டிக்கு டீசல் எஞ்சின் மாற்றலாமா என்று. ஹாஜியார் என் பக்கத்து ஆசனத்தில் இருந்தபடி சொன்னார்:

"எஞ்சின் மட்டும் மாத்தப்படா. கியர்பொக்ஸோட சேத்து மாத்தோணும், இல்லாட்டி வண்டியாவே எடுக்கோணும். பல்லு தாங்காது. நான் அனுபவத்துல செல்லுறன்."

வியாபாரி நன்றி சொன்னார். நான் வண்டியை எடுத்தேன். அன்று பின்னேரம் நேராக நாச்சியாவின் வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை, மீராசா இல்லை. வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்பில் அவர் காட்டியது எது, கராஜில் ஹாஜியார் சொன்னது என்ன, பாஸ் கூலி வேண்டாம் என்றது, பெருநாள் கழியட்டும் என்றது. கண்ணாடியைத் துடைத்த கதையை மட்டும் சொல்லவில்லை.

நாச்சியா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"எப்பிடி ராத்தா?"

"காக்கா ஒவ்வொரு தரமும் வந்து தோள் நோகுது எண்டு செல்லுவார். நாந்தான் எண்ணெய் தடவினன். ஏன் நோகுது எண்டு கேக்காமலா தடவினன்? கியர் கழர்றதும் தெரியும், ஹாஜியார் மாத்தித் தராததும் தெரியும்."

"அப்ப ஏன் அவரப் போய்..."

"தெரிஞ்சிக்கிட்டு என்ட காக்காவ அதுல ஏத்திக்கிட்டுப் போனாரே. டீசல் எண்டா என்ன, பெற்றோல் எண்டா என்ன? எனக்கும் தெரிஞ்சிதான் இருந்திச்சி. நானும் போக வேணாம் எண்டு செல்லல்ல. அவரப் பாக்கக்குள்ளெல்லாம் எனக்கு அதுதான் வருது. அவரத்தான் ஏச ஏலும். ஹாஜியாரை ஏசினா றுகையாட புள்ளையளுக்கு மாசம் வாற அரிசி வராது."

சுளகைக் கீழே வைத்துவிட்டு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இவ்வளவும் கண்டிரிக்கிறயள். கராஜுலயும் நிண்டிரிக்கிறயள். அஞ்சி வரிசம் கழிச்சி இப்பதான் வாய் வந்திச்சா? நாளைக்கி ஆருட வண்டி ஓட்டப்போறயள்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நெல்லை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மீராசா எண்பத்தொன்பதில் மௌத்தானார். நெஞ்சுவலி என்றார்கள். வியாழன் வந்தவர் வெள்ளி விடிய எழும்பவில்லை. வயது நாற்பத்தாறு. நாச்சியா இத்தா இருந்தாள், நாலு மாதமும் பத்து நாளும், ஒரு நாள் குறையாமல். அவருடைய சாரதிப் பத்திரம் எங்கே என்று யாரோ கேட்டார்கள், நீதிமன்றம் திருப்பித் தரவே இல்லை.

மீராசாவை அடக்கிய அன்று ஜனாஸா தொழுகையில் ஹாஜியார் முன்வரிசையில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். தொழுகை முடிந்து வெளியே வந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு, பின்னேரம் மீன் கூடுதலாக இருக்கும், நேரத்தோடு ஐஸ் ஏற்றிவை என்றார்.

ஏற்றினேன்.